வாத்து வந்தால் சொல்லி அனுப்புங்கள்: உப்புக்குளத்தாருக்கு ஒரு திறந்த மடல்

உப்புக்குளத்துக் கடற்றொழிலாளர்களுக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும், கோந்தைப்பிட்டி இறங்குதுறையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் தம்பிமாருக்கும்,

 

நான் பெருநிலத்துக்காரன். அடம்பன் பக்கத்தில் கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் பாயும் வயல் எங்களுடையது. மீன் வாங்க வரும்போது உங்களில் சிலர் என்னைக் கண்டிருப்பீர்கள். மன்னார்த் தாம்போதியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, கழுத்தில் பைனாகுலர் தொங்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஆள் என்றால் இன்னும் சிலருக்கு விளங்கும். கடலைப் பற்றியோ களப்பைப் பற்றியோ உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். சோளகம் ஓய்ந்து வாடை பிறந்து, ஐப்பசிக் கடைசியில் தாராக் கூட்டங்கள் வந்து இறங்கிய பிறகு, அந்தக் கூட்டத்துக்குள் எங்காவது ஒரு வாத்து நின்றால் சொல்லி அனுப்புவீர்களா?

வீட்டு வாத்தைச் சொல்லவில்லை. வரித்தலை வாத்து என்று ஒரு காட்டு வாத்து இருக்கிறது. திபெத்திலும் மொங்கோலியாவிலும் சீனாவின் சிங்காய் ஏரியிலும் லடாக்கின் சோ மோரிரி ஏரியிலும் கோடையில் குஞ்சு பொரிக்கும். சோ மோரிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது. நம் பிதுருதலாகலை அதில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். குளிர் பிடித்ததும் இந்த வாத்துகள் இமயமலையைத் தாண்டித் தெற்கே இறங்கும். விஞ்ஞானிகள் அவற்றின் முதுகில் சிறு கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, ஆகக் கூடிய உயரமாக 7,290 மீற்றர் பதிவானது. எவரெஸ்ட்டுக்கு மேலாகப் பறக்கிறது என்று முன்பு ஊரெல்லாம் பேசினார்கள். கருவி சொன்ன கதை வேறு. அது மலைச்சரிவை ஒட்டி ஏறும், பள்ளம் வந்தால் இறங்கும், மறுபடி ஏறும். உயரத்தில் நேராகப் பறந்து வீணாய்க் களைப்பதைவிட இப்படி ஏறி இறங்குவது அதற்கு மலிவு. பின்காற்றுக்கும் காத்திருப்பதில்லை. காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவிலும் விடியற்காலையிலும் தன் சிறகை நம்பியே கிளம்புகிறது. நுரையீரல் பெரியது. இரத்தம் மெல்லிய காற்றிலும் ஒட்சிசனை இறுகப் பிடிக்கும். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள ஒரு பறவை செய்கிற வேலை இது.

அந்த வாத்து தமிழ்நாட்டுக்கு வருகிறது. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் என்றொரு ஊரின் குளத்தில் குளிர்காலத்தில் அதைக் காணலாம். கர்நாடகத்தில் கதக் மாவட்டத்து மாகடி ஏரியில் பெருங்கூட்டமாகவே தங்குகிறது. கூந்தன்குளத்திலிருந்து உங்கள் கோந்தைப்பிட்டிக்கு நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 240 கிலோமீற்றர். இமயத்தைத் தாண்டி வந்த பறவைக்கு அது ஓர் இரவுப் பயணம்கூட இல்லை. அப்படியிருந்தும் இலங்கைப் பறவைப் பட்டியலில் வரித்தலை வாத்துக்கு எதிரே எழுதியிருப்பது “அரிதாக வழிதவறி வருவது” என்பதுதான்.

இது என்னை நெடுநாளாக உறுத்துகிறது. வாத்துக்கு அங்கேயே மேய்ச்சலும் தண்ணீரும் கிடைத்துவிட்டால் கடலைத் தாண்ட வேண்டிய அவசியம் இல்லைத்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பறவையை அரிது என்று எழுதும்போது, எத்தனை கண்கள் பார்த்தபின் அப்படி எழுதினார்கள் என்றும் கேட்க வேண்டாமா? மன்னாரில் பார்த்தவர்கள் யார்?

பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். இலங்கைப் பறவைகளுக்கு ஒழுங்கான முதல் பட்டியல்களில் ஒன்றை 1872இல் வெளியிட்டவர் ஹோல்ட்ஸ்வேர்த் என்ற ஆங்கிலேயர். அவர் வேலை பார்த்தது வேறெங்கும் இல்லை, நம் அரிப்பில். முத்துக்குளிப்பைக் கவனிக்க வந்த மனிதர், சிப்பி பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் பறவை பார்த்தார். அவருக்குப் பின் லெக் என்ற இராணுவக் கப்டன் 1880இல் பெரிய நூலை முடித்தார். இருவரையும் நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காலத்திலும் பாரில் சங்கும் முத்தும் குளித்தவர்களும், களப்பில் வலை போட்டவர்களும், உப்பு வாரியவர்களும் விடியும்முன்னே தண்ணீரில்தான் நின்றார்கள். துரை கண்டது புத்தகமானது. அவர்கள் கண்டது அவர்களோடு போய்விட்டது.

பிறகு போர். போர்க்காலத்தில் களப்புக் கரையில் பைனாகுலர் தூக்குவதென்றால் உயிரோடு விளையாடுவது. கொழும்பிலிருந்து பறவை பார்க்க வருகிறவர்கள் மன்னாரை மறந்தே போனார்கள். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எங்கள் பக்கத்திலிருந்து அதைக் கூச்சமில்லாமல் எழுத முடியாது. விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியது 1990 ஒக்டோபரில். தாராக்கள் வந்து இறங்கும் அதே நாட்களில் நீங்கள் வள்ளமேறிக் கற்பிட்டிக்குப் போனீர்கள். இருபது வருசத்துக்குக் கிட்ட இந்தத் துறையை நன்றாக அறிந்த கண்கள் புத்தளத்து முகாம்களில் இருந்தன. அந்தக் காலத்தில் இந்தக் களப்பில் என்ன வந்தது, என்ன வரவில்லை என்பதற்கு எழுத்தில் ஏதும் கிடையாது என்றே சொல்லலாம். பறவையையும் அகதியையும் ஒப்பிட்டு உருக்கமாக எழுதுவது எனக்குப் பிடிக்காத வேலை. பறவை விரும்பித்தான் போகிறது. நான் சொல்வது கணக்கு வழக்கு மட்டுமே. பார்க்க ஆள் இல்லாத காலத்தை, பறவை இல்லாத காலம் என்று எழுதக் கூடாது.

இன்றைக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று 1987 முதல் நடந்து வருகிறது. நல்ல வேலை. ஆனால் அது ஜனவரியில் நடப்பது. கார்த்திகையில் வந்து நாலு நாள் நின்றுவிட்டுப் போகும் வழிதவறிய பறவை ஜனவரிக் கணக்கில் எப்படி அகப்படும்? கார்த்திகையில் மழைக்குள் களப்புக் கரையில் நிற்கிறவர்கள் நீங்கள்தான்.

சரி, எதைப் பார்ப்பது?

தாம்போதியின் இருபுறமும், வங்காலைப் பக்கம் நீளும் சேற்றுவெளியிலும் இறங்கும் கூட்டத்தில் பெரும்பான்மை உங்களுக்குப் பழக்கமானவை. ஊசி மாதிரி வால் நீண்ட தாரா, நெற்றியில் வெளிர் மஞ்சள் நாமம் போட்ட தாரா, அகன்ற அலகால் தண்ணீரை அரித்துக்கொண்டே போகும் தாரா, கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை வைத்த சின்ன நீலச்சிறகி. அவற்றோடு கருவால் மூக்கன்களும் உள்ளான்களும் பூநாரைகளும். இவற்றை எண்ணிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. கூட்டத்தை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். தலைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். அந்த மட்டத்துக்கு மேலே ஒரு தலை தனியே தூக்கி நின்றால் அங்கே நிறுத்துங்கள்.

ஊசிவாலுக்குப் பக்கத்தில் வாத்து நின்றால் ஒன்றரை மடங்கு உடம்பாகத் தெரியும். நடையும் வேறு. தாரா தரையில் தள்ளாடும்; அதற்குக் கால் பின்னுக்கு வைத்திருக்கிறது. வாத்துக்குக் கால் உடம்பின் நடுவில் இருப்பதால் ஆடு மாதிரி நிதானமாக நடந்து புல் மேயும். களப்புக் கரையில் மழைக்கு முளைத்த புல்லில் ஒரு “தாரா” மேய்கிறது என்றால் இரண்டாம் தடவை பாருங்கள். பயந்தால் கழுத்தை நேரே கம்பாக நிறுத்தும்.

இனித் தலை. வரித்தலை வாத்தின் தலை வெள்ளை. பின்மண்டையில் குறுக்கே இரண்டு கறுப்புக் கோடுகள். மேல்கோடு ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குப் பின்வழியாகச் சுற்றிப் போகும். கீழ்க்கோடு பிடரியில் கொஞ்சம் குட்டையாக இருக்கும். கழுத்தின் பின்புறம் கருமை, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு கீழே இறங்கும். உடம்பு வெளிர்ச் சாம்பல். அலகும் காலும் மஞ்சளோ செம்மஞ்சளோ. அலகின் நுனி மட்டும் கறுப்பு. தூரத்தில் கோடு தெரியாவிட்டாலும் வெள்ளைத் தலையும் சாம்பல் உடம்பும் தெரியும். ஆனால் அந்த வருசம் பொரித்த குஞ்சுக்குக் கோடு விழுந்திருக்காது. உச்சியும் பிடரியும் கருத்து, முகம் மட்டும் வெளுத்திருக்கும். முதல் தடவை தெற்கே வரும் இளசுகள்தான் கூட்டத்தைத் தவறவிட்டு எங்கேயாவது போய் இறங்கக் கூடியவை என்பதால், கோடு இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்னொரு வாத்தும் இருக்கிறது. சாம்பல் வாத்து. வட இந்தியாவில் குளிர்காலத்தில் நிறையத் தங்கும். இலங்கைக்கு மிக மிக அரிது. தலையில் எந்தக் கோடும் இல்லை, உடம்பு முழுக்கச் சாம்பல் கலந்த பழுப்பு. அலகும் காலும் வெளிர்ச் சிவப்பு. பறக்கும்போது சிறகின் முன்பாதி பளிச்சென்று வெளுக்கும். கால் மஞ்சளா வெளிர்ச் சிவப்பா என்ற ஒரு கேள்விக்கு விடை கிடைத்தாலே பாதி வழக்கு தீர்ந்தது.

ஏமாற்றக்கூடியவையும் உண்டு. முதலாவது பூநாரைக் குஞ்சு. அது இளஞ்சிவப்பாக இருக்காது. அழுக்குச் சாம்பலாக இருக்கும். தண்ணீர் ஆழமான இடத்தில் கால் மறைந்து மிதக்கும்போது தூரத்திலிருந்து வாத்து என்றே சத்தியம் பண்ணலாம். கொஞ்சம் பொறுத்திருந்தால் அலகு வளைந்திருப்பது தெரியும். இரண்டாவது, யாராவது வீட்டில் வளர்த்துத் தப்பி வந்த வாத்து. வெள்ளை உடம்பு, அல்லது அலகுக்கு மேல் புடைப்பு, தொங்கும் அடிவயிறு, மனிதரைக் கண்டு பயமின்மை. மூன்றாவது செண்டு வாத்து. அதன் ஆணுக்கும் அலகின்மேல் கறுப்புச் செண்டு இருக்கும், ஆனால் முதுகு மினுங்கும் கறுப்பு, வயிறு வெள்ளை. அது ஒரு காலத்தில் இலங்கையிலேயே குடியிருந்து பின்பு இல்லாமற்போனது. ஆகவே செண்டு வாத்தைக் கண்டுவிட்டு “இது வரித்தலை இல்லையே” என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். அதற்கும் சொல்லி அனுப்ப வேண்டும், ஓடி வருவேன்.

கண்ணைவிடக் காது உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். சுபஹுக்கு முன் வள்ளம் தள்ளுகிறவர்கள் நீங்கள். அந்த இருட்டில் ஊசிவால் மெல்ல விசிலடிக்கும். மரத்தாரா பறந்தபடியே சீழ்க்கை விடும். பூநாரைகூடக் கரகரத்த குரலில் வாத்துப்போலக் கத்தக்கூடியது, அதில் கவனம் வேண்டும். வரித்தலை வாத்தின் குரல் மூக்கால் வருகிற, தாழ்ந்த, விட்டுவிட்டு ஒலிக்கும் கனத்த அழைப்பு. தாராவின் சிறகு படபடவென்று அடிக்கும். வாத்தின் அடி நிதானமானது. வரிசையாகவோ கூர்முனையாகவோ அணிவகுத்துப் போகும் சிறு கூட்டம் என்றால் கேட்கவே வேண்டாம்.

இப்போது நான் உங்களுக்கு எழுதுவதன் உண்மைக் காரணத்துக்கு வருகிறேன். இந்தியாவில் குளிர்காலம் கழிக்கும் வரித்தலை வாத்துகள் பகலில் தண்ணீரில் ஓய்வெடுக்கும், பொழுதுபட்டதும் வயலுக்குப் பறந்துபோய் இரவெல்லாம் மேயும், விடியத் திரும்பும். மன்னாருக்கு ஒன்று வந்தாலும் அப்படித்தானே நடக்கும்? பகலில் உங்கள் களப்பு, இரவில் எங்கள் வயல். கார்த்திகையில் காலபோகப் பயிர் இளம்பச்சையாக நிற்கிறது, அதன் வாய்க்கு ஏற்ற தீனி. உங்களில் ஒருவர் பகலில் ஒரு பெரிய தாராவைக் கண்டு, சரி, ஏதோ ஒன்று என்று விட்டிருப்பார். எங்களில் ஒருவர் இரவுக் காவலில் பழக்கமில்லாத சத்தம் கேட்டு, பன்றி விரட்டுகிற டோர்ச்சை அடித்துப் பார்த்து, பறவைதானே என்று படுத்திருப்பார். இரண்டு பேரிடமும் பாதிப்பாதிக் கதை. மஃரிப் பாங்கு கேட்கிற நேரத்தில் தாம்போதிக்கு மேலாக உட்கரைப் பக்கம் எது பறக்கிறது என்று நீங்கள் பார்த்து, அது எங்கே இறங்குகிறது என்று நாங்கள் பார்த்தால் முழுக்கதை வரும். தீவாரும் பெருநிலத்தாரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைகள் அதிகம் இல்லாத மாவட்டம் இது. மீன் விலையைத் தவிர வேறு பேச்சும் நமக்குள் குறைவு.

புயல் கழிந்த நாட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா வேதாரணியப் பக்கம் கரை ஏறியது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி திருகோணமலைப் பக்கம் ஏறி நம்மைத் தாண்டி மன்னார் வளைகுடாவில் இறங்கியது. அந்த நாட்களில் வள்ளம் கரையில்தான். காற்று அடங்கிய மறுநாள் வலைகளைப் பார்க்கப் போகும்போது, ஒதுங்கிய குடாக்களையும் கண்டல் ஓரங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். காற்றடித்துத் திசைமாறிய பறவை முதலில் ஒதுங்குவது அங்கேதான்.

கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று வலை பொத்தும் தம்பிமார் கேட்பார்கள். கிட்டப் போகக் கூடாது, அதுதான் முதல். இமயம் தாண்டி வந்தது பசியோடு இருக்கும், நீங்கள் படத்துக்காக நாலு தடவை எழுப்பினால் அது வேறெங்காவது போய்விடும், பிறகு நான் சைக்கிளில் வந்தும் பயன் இல்லை. நின்ற இடத்திலிருந்தே போனை ஏதாவது ஒன்றில் ஊன்றிக் காணொளி எடுங்கள். தனிப்படத்தைவிடக் காணொளி நல்லது. நடையும் சிறகடியும் அதில் இருக்கும். பறவை சின்னதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் நிற்கும் தாராவும் படத்துக்குள் வரட்டும், அளவு விளங்கும். வள்ளத்திலிருந்து எடுப்பதானால் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். திகதி, நேரம், இடம், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. பேப்பர் இல்லாவிட்டால் போனிலேயே பேசிப் பதிந்து வையுங்கள். அலகின் நிறமும் காலின் நிறமும் மறக்க வேண்டாம்.

கழுத்தையும் பாருங்கள். மொங்கோலியாவில் ஆராய்ச்சியாளர்கள் சில வரித்தலை வாத்துகளின் கழுத்தில் நிறப்பட்டை மாட்டி எழுத்தும் இலக்கமும் இட்டிருக்கிறார்கள். அப்படிப் பட்டை பூண்ட வாத்துகள் கர்நாடகத்து ஏரிகளில் காணப்பட்டு, அந்த எழுத்தை வைத்தே அவை எங்கிருந்து புறப்பட்டவை என்று கண்டுபிடித்தார்கள். கோந்தைப்பிட்டியில் எடுத்த ஒரு மங்கலான காணொளியில் அந்த இரண்டு மூன்று எழுத்து மட்டும் வாசிக்கக் கூடியதாக இருந்துவிட்டால், மொங்கோலியாவில் யாரோ ஒருவர் நாற்காலியை விட்டு எழும்பிவிடுவார். இப்படி ஒன்று நடக்காது என்று சொல்லாதீர்கள். 2021இல் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவின் குழு மன்னாரில் கருவி பூட்டி விட்ட மேகா என்ற கடற்காகம் ரஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் தீபகற்பம் வரை, ஏழாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து போனது. நீங்கள் மீன் கழிவு கொட்டும்போது சண்டை போட்டுக்கொண்டு வருகிற கூட்டத்தில் உள்ள இனம்தான் அது.

செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். இதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். 2005 வசந்தத்தில் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சல் வந்து ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் செத்தன. அவற்றில் அதிகம் வரித்தலை வாத்துகள். கோழி வளர்க்கிற வீட்டார் இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. தூரத்திலிருந்து படம் எடுத்து, வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ மிருக வைத்திய அலுவலகத்துக்கோ சொல்வதுதான் சரி.

உயிரோடு நிற்கிறதைப் பற்றியும் வெளிப்படையாக ஒரு சொல். மூன்று கிலோ இறைச்சி என்று ஒரு கணம் மனசில் ஓடுவது மனித இயல்பு. எங்கள் வயல்பக்கத்திலும் ஓடும், எங்களை நான் உத்தமர் என்று சொல்லவில்லை. ஆனால் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, தாம்போதிக்கு அந்தப் பக்கம் வங்காலைச் சரணாலயமும் இருக்கிறது. அதனால்தான், வாத்தைக் கண்டால் அது நிற்கும் இடத்தை உடனே ஊருக்கெல்லாம் அறிவிக்காதீர்கள் என்றும் கேட்கிறேன். பறவை போனபின் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் காட்டுங்கள்.

இதில் எங்களுக்கு என்ன இலாபம் என்று ஒரு காக்கா கேட்பார், நியாயமான கேள்வி. பணமாக ஒன்றும் இல்லை. ஆனால் காகிதத்தில் ஒரு பலம் இருக்கிறது. வங்காலைக் களப்பு 2008இல் சரணாலயமாகி 2010இல் ராம்சார் ஈரநிலமானது; 4,839 ஹெக்டயர். கணக்கு எழுதியவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது. 2020 கடைசியில் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் எழும்பின, 103.5 மெகாவாட். அதன்பின் இந்திய நிறுவனம் ஒன்று இன்னும் பெரிதாகக் கட்ட வந்தபோது, 2024இல் சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின. அவர்கள் கையில் இருந்த முக்கிய வாதம் மன்னார் வழியாகப் போகும் பறவைகளின் பாதை. 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகியதற்கு மின்சார விலைப் பேச்சுத்தான் காரணம். பறவை வென்றது என்று நான் கதை கட்டமாட்டேன். காற்றாலையே கூடாது என்ற கட்சிக்காரனும் அல்ல நான். எங்கள் வீட்டிலும் மின்விசிறி சுற்றுகிறது. ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் முன்பாக ஓர் அறிக்கை எழுதுவார்கள். அதில் எந்த இடத்தில் என்ன பறவை, எந்த உயரத்தில், எந்த நேரத்தில் என்று ஒரு பகுதி வரும். வெளியிலிருந்து வருகிறவர் சில நாள் நின்று பார்த்து எழுதுவார். அவர் நின்ற நாளில் இல்லாதது அறிக்கையில் இல்லை. அறிக்கையில் இல்லாதது சட்டத்துக்கு முன் இல்லை. கூட்டங்களுக்குப் போய் “மீன்பாடு குறைஞ்சு போச்சு, தண்ணி ஓட்டம் மாறிப்போச்சு” என்று நீங்கள் சொல்லும்போது, “ஆதாரம் எங்கே” என்று கேட்கிறார்கள் அல்லவா? திகதி போட்ட குறிப்பு என்பது பறவைக்கு மட்டும் உதவுகிற பழக்கம் அல்ல. மீனுக்கும் எழுதுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது?

பறவை பார்ப்பது படித்தவர்கள், வெள்ளைக்காரர்கள், விலையுயர்ந்த கமரா வைத்திருப்பவர்கள் வேலை என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கூந்தன்குளத்தில் பால்பாண்டி என்று ஒருவர் இருந்தார். அந்த ஊர்க்காரர், பட்டம் பெற்றவர் அல்ல. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளைப் பொறுக்கி எடுத்து வளர்த்து விட்டவர், பிறகு அந்தச் சரணாலயத்தின் காவலர் ஆனவர். தமிழ்நாட்டில் பறவை பார்க்கிற பேராசிரியர்களும் அவரிடம்தான் போய்க் கேட்டார்கள், என்ன வந்திருக்கிறது என்று. அந்த ஊர்ச்சனம் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. அவர்கள் குளத்துக்கு வாத்து வருசாவருசம் வருவது அந்த உபசரிப்பினாலா, குளத்தின் குணத்தினாலா என்று எனக்குச் சண்டை போடத் தெரியாது. வந்தது வந்தது என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான் நான் காண்கிறது.

ஆகவே ஒரு ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் வாய்க்கால் பார்க்கிற பெடியள் சிலரும், இரவுக்காவல் இருக்கும் இரண்டொரு வயசாளிகளும் சம்மதித்துவிட்டார்கள். இந்தக் காலபோகம் முழுக்க, இரவில் வயலில் இறங்கும் பெரிய பறவைகளைக் குறித்து வைப்பார்கள். உங்கள் பக்கத்தில் விடியப்புறம் துறைக்கு வருகிற ஒருவரும், தாம்போதியால் பள்ளிக்கூடம் போய்வருகிற பிள்ளை ஒன்றும் போதும். பிள்ளைகளில் பெண்பிள்ளைகளையும் சேருங்கள். கருவாட்டுப் பாயில் காகம் இறங்கவிடாமல் பார்த்திருந்த பார்வை அவர்களுடையது, அதற்கு மேல் பயிற்சி தேவையில்லை. வருகிற காணொளிகளைத் துறை சார்ந்தவர்களிடம் காட்டிச் சரிபார்ப்பதும், கண்டவரின் பெயரிலேயே உலகப் பறவைப் பதிவில் ஏற்றுவதும் என் பொறுப்பு. என் பெயரில் அல்ல, கண்டவர் பெயரில்.

ஐப்பசி பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த பிறகு துறைக்கு வருகிறேன். தாராப் படங்கள் அச்சடித்துக் கொண்டுவருவேன், பைனாகுலரும் இருக்கும். எல்லோரும் மாறிமாறிப் பார்க்கலாம். யார் யார் சேருகிறீர்கள் என்பதை அன்றைக்குச் சொன்னால் போதும். மீனும் வாங்க வேண்டும், வெளமீன் இருந்தால் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
அடம்பன் பக்கத்து வயல்காரன் ஒருவன்